பழைய செவ்ரோலே பிக்கப்: கேபின் மவுண்டும் தரையும் துருவேறினால் அறிகுறி வாரியாகச் சரிசெய்யும் முறை

1973 முதல் 1987 வரை வந்த செவ்ரோலே, ஜிஎம்சி பிக்கப்களை அமெரிக்காவில் ‘ஸ்கொயர் பாடி’ என்று அழைக்கிறார்கள். மிச்சிகன், ஒஹாயோ, பென்சில்வேனியா, எல்லைக்கு அப்பால் ஒன்டாரியோ என்று குளிர்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டும் பகுதிகளில் ஓடிய வண்டி என்றால், எஞ்சின் நன்றாக இருக்கும்போதே கேபினின் அடிப்பகுதி உளுத்துப் போயிருக்கும். இந்தக் கட்டுரை அந்த வண்டியை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அதே காலத்து ஃபோர்டு, டாட்ஜ் பிக்கப்களில் மவுண்ட், அதாவது கேபினைச் சேசிஸோடு பிணைக்கும் தாங்குமிடம், இருக்கும் இடமும் வடிவமும் சற்று மாறுமே தவிர, பழுதைக் கண்டறியும் முறை மாறாது.

கேபின் சேசிஸின் மேல் நேரடியாக உட்கார்வதில்லை. சாதாரணக் கேபினுக்கு முன்புறம் இரண்டு, பின்புறம் இரண்டு என நான்கு ரப்பர் புஷ்கள் உண்டு. ரேடியேட்டரைத் தாங்கும் சட்டத்துக்கு அடியில் இன்னும் இரண்டு இருக்கும். தரைத் தகட்டுக்கு அடியில் பெட்டி வடிவத்தில் மடித்துப் பற்றவைத்த தடித்த தாங்கிதான் கேபினின் எடையை வாங்கி, புஷ் வழியாகச் சேசிஸுக்குக் கடத்துகிறது. அந்தப் பெட்டிக்குள் சேறும் உப்பும் புகுந்தால் எளிதில் வெளியே வராது. சாலையில் கொட்டும் உப்புகளில் ஒன்றான கால்சியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் முப்பது விழுக்காட்டைத் தாண்டினாலே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும் என்பதால், மழையே இல்லாத நாளிலும் உள்பக்கம் நனைந்தபடியே இருக்கும். வண்டியைச் சூடான கராஜில் நிறுத்தினால் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். உறைந்து கிடந்த உப்புச் சேறு அங்கேதான் உருகி வேலையைத் தொடங்குகிறது.

ஆகவே மேலிருந்து பார்க்கும்போது தெரியும் தரை ஓட்டையைக் கண்டு வேலையைத் தொடங்கக் கூடாது. முதலில் எடையைத் தாங்கும் இடம் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து, கேபினை உரிய உயரத்துக்குக் கொண்டுவந்து, அதன் பிறகே தரையைத் தொட வேண்டும். தொய்ந்த கேபினில் தரையை அழகாகப் பற்றவைத்தால், தொய்வையும் சேர்த்து நிரந்தரமாகப் பற்றவைத்ததாகவே ஆகும்.

கதவைத் தூக்கிப் பிடித்துச் சாத்த வேண்டியிருக்கிறது

இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். கதவைப் பாதி திறந்து, பின்விளிம்பின் அடியில் கையைக் கொடுத்து மேலே தூக்கிப் பாருங்கள். கீலில் ஆட்டம் தெரிந்தால், தேய்ந்தது கீலின் பின்னும் அதன் பித்தளை புஷ்ஷும்தான். அவற்றை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கீல் இறுக்கமாக இருந்தும் கதவின் பூட்டு தூணில் உள்ள கொக்கிக்கு நேராக வரவில்லை என்றால், கேபினே வளைந்திருக்கிறது என்று பொருள்.

எந்த மவுண்ட் இறங்கியது என்பதைக் கண்டுபிடிக்கச் சரக்கு ஏற்றும் பின்தொட்டியே நல்ல அளவுகோல். தொட்டி தனியாகச் சேசிஸில் பூட்டப்பட்டிருப்பதால், கேபின் சாய்ந்தாலும் அது அசையாது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கேபினின் பின்சுவருக்கும் தொட்டியின் முன்சுவருக்கும் இடையிலுள்ள இடைவெளியை மேலும் கீழும், இடமும் வலமும் அளக்க வேண்டும். மேலே இடைவெளி விரிந்து கீழே குறுகியிருந்தால் கேபின் முன்னோக்கிச் சாய்ந்துள்ளது, அதாவது முன் மவுண்ட் அமுங்கியுள்ளது. மேலே குறுகியிருந்தால் பின் மவுண்ட். ஒரு பக்கம் மட்டும் மாறுபட்டால், அந்தப் பக்கத்துத் தாங்கியை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திக் குத்திப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று எதிர்க்கும்; உளுத்த இரும்பு பட்டை பட்டையாக உதிர்ந்து, முனை உள்ளே இறங்கிவிடும்.

இந்த நிலையில் கதவின் கொக்கியை நகர்த்திச் சமாளிக்க எளிதாகக் கை போகும். அதைச் செய்ய வேண்டாம். கொக்கி இருக்கும் இடம்தான் பிறகு கேபினை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பதற்கு உங்களிடம் மிஞ்சியிருக்கும் சாட்சி.

திரும்பும்போதும் பிரேக் போடும்போதும் அடியில் ‘டொக்’ என்று சத்தம்

சஸ்பென்ஷனைச் சந்தேகிப்பதற்கு முன் மவுண்ட்களைப் பாருங்கள். ஒருவர் வண்டியில் அமர்ந்து, காலை பிரேக்கில் வைத்தபடி கியரை முன்னும் பின்னும் மாற்றட்டும். மற்றவர் சக்கரங்களுக்குத் தடை வைத்த பிறகு, வண்டியின் பாதையில் நிற்காமல் பக்கவாட்டில் நின்று கேபினுக்கும் சேசிஸுக்கும் இடையே அசைவு இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். புஷ் மட்டும் நசுங்கியிருந்தால் புது புஷ் போதும். புஷ்ஷைச் சுற்றியுள்ள தகடு கிழிந்து, வாஷரும் புஷ்ஷும் தரைக்குள் ஏறி வந்திருந்தால், எத்தனை புது புஷ் வாங்கினாலும் பயனில்லை.

பாலியூரித்தேன் புஷ் போடலாமா என்ற கேள்வி எப்போதும் எழும். அது ரப்பரைவிட நீண்ட நாள் உழைக்கும். ஆனால் அதிர்வை அப்படியே கேபினுக்குள் அனுப்பும். தினசரி ஓட்டும் வண்டிக்கு ரப்பரே போதும் என்பது என் கருத்து. எதைப் போட்டாலும் ஆறையும் ஒன்றாக மாற்றுங்கள். புதியதும் நசுங்கியதும் கலந்தால் உயரம் ஒத்துவராது.

மவுண்ட் போல்ட் கழலாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது

மேலே கூண்டுக்குள் அடைத்து வைத்த நட்டு, கூண்டு துருப்பிடித்து உடைந்ததால் போல்ட்டோடு சேர்ந்து சுற்றுகிறது. கீழிருந்து எவ்வளவு போராடினாலும் கழலாது. உள்ளே விரிப்பை எடுத்துவிட்டு, நட்டுக்கு நேர் மேலே தரைத் தகட்டை மூன்று பக்கம் மட்டும் வெட்டி, நான்காவது பக்கத்தில் மடித்துத் திறந்தால், ஸ்பேனரை உள்ளே விட்டு நட்டைப் பிடித்துக்கொள்ள இடம் கிடைக்கும். வேலை முடிந்ததும் மடிப்பைத் தட்டிச் சமன் செய்து பற்றவைத்துவிடலாம். போல்ட் அசையவே மறுத்தால், துருவிளக்கும் எண்ணெயைச் சில நாட்கள் அவ்வப்போது ஊற்றி ஊறவைத்துப் பாருங்கள். நெருப்பைக் காட்டுவதற்கு முன் நடுவில் இருப்பது ரப்பர் என்பதை நினைவில் கொள்ளுங்கள். அது பிடித்துக்கொண்டால் கரும்புகையுடன் எரியும். அந்த போல்ட்டை எப்படியும் திரும்பப் போடப்போவதில்லை என்பதால், கிரைண்டரால் தலையை அறுத்துவிடுவதே பல நேரங்களில் நல்லது.

மவுண்ட் தாங்கியே உளுத்துவிட்டது

வேலையின் மையம் இதுதான். அவசரம் கூடாது.

கேபினைத் தூக்குவதற்கு முன், அதையும் சேசிஸையும் இணைக்கும் எல்லாவற்றையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட வேண்டும். ஸ்டீயரிங் தண்டின் கீழ்முனையில் உள்ள துணி-ரப்பர் இணைப்பு, மாஸ்டர் சிலிண்டரிலிருந்து இறங்கும் பிரேக் குழாய்கள், கைபிரேக் கேபிள், எஞ்சினுக்கும் கேபினின் முன்சுவருக்கும் இடையிலான எர்த் பட்டை, நான்கு சக்கர ஓட்டமுள்ள வண்டியில் டிரான்ஸ்ஃபர் கேஸின் நெம்புகோல், இவற்றில் ஏதாவது இழுபட்டால் ஜாக்கியை நிறுத்திவிட்டுத் தளர்த்துங்கள். கேபினின் முன்பக்கம் உயரும்போது ரேடியேட்டரின் காற்றுக்கூடும் சேர்ந்து உயர்ந்து, எஞ்சின் விசிறியின் இறக்கையில் முட்டும். அதை முன்கூட்டியே கழற்றி வைப்பது நல்லது.

வேலை செய்யும் பக்கத்து போல்ட்களைக் கழற்றிவிட்டு, மறுபக்கத்து போல்ட்களைச் சில சுற்றுகள் மட்டும் தளர்த்தி அப்படியே விட வேண்டும். மறுபக்கம் இறுகியிருந்தால் கேபின் முறுக்கிக்கொள்ளும். முழுவதும் கழன்றிருந்தால் நழுவும். ஜாக்கியை வெறும் தரைத் தகட்டில் வைக்கக் கூடாது. அகலமான கட்டையை வைத்து, நல்ல இரும்பு மிஞ்சியிருக்கும் குறுக்குத் தாங்கி அல்லது கதவுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் ராக்கர் பேனலின் உள்விளிம்பு எதுவோ அதன் அடியில் எடையைப் பரப்புங்கள். சில மில்லிமீட்டர் உயர்த்தி, கதவைச் சாத்திப் பார்த்து, மறுபடி சில மில்லிமீட்டர் என்று போக வேண்டும். பூட்டு கொக்கியில் தானாக விழும் உயரம் வந்ததும், கேபினுக்கும் சேசிஸுக்கும் இடையே கட்டைகளை அடித்து அந்த உயரத்தைப் பூட்டிவிடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பவர் எவரானாலும் முட்டாள்தனம் செய்கிறார்.

ராக்கர் பேனலையும் வெட்ட வேண்டியிருந்தால், கதவுத் திறப்பின் குறுக்கே இரும்புக் குழாயை முன்தூணிலிருந்து பின்தூணுக்குத் தற்காலிகமாகப் பற்றவைத்து, மூலைக்கு மூலை அளவை எழுதிக்கொண்ட பிறகே கத்தியை வைக்க வேண்டும். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் வெட்டுவது, கேபினை மடக்கிவிடுவதற்கான நேர்வழி.

பழைய தாங்கியைத் தரையோடு பிடித்திருப்பவை ஸ்பாட் வெல்டுகள். வயர் பிரஷ்ஷால் தேய்த்தால் வட்ட வடுக்களாகத் தெரியும். 8 மி.மீ. ஸ்பாட் வெல்டு கட்டரால் கீழ்த்தகட்டை மட்டும் அறுத்து எடுங்கள். மாற்றுத் தாங்கிகள் தயாராகவே விற்கப்படுகின்றன. நீங்களே மடிப்பதானால் ஏறத்தாழ 2 மி.மீ. தகடு வேண்டும்.

இனி வரும் வரிசை முக்கியமானது. புதுத் தாங்கியைப் புது புஷ்ஷோடு முதலில் சேசிஸில் போல்ட் போட்டுத் தளர்வாக நிறுத்துங்கள். கேபினை அதன் மேல் இறக்கி, கதவு இடைவெளியையும் பின்தொட்டி இடைவெளியையும் மறுபடி அளந்து, திருப்தியான பிறகு நான்கைந்து இடங்களில் சிறு டாக், அதாவது தற்காலிகப் பற்றுப் புள்ளி, போடுங்கள். பிறகு போல்ட்டையும் புஷ்ஷையும் கழற்றி வெளியே எடுத்துவிட்டு, முழு வெல்டிங்கைச் செய்யுங்கள். புஷ்ஷை அப்படியே விட்டு வெல்டிங் செய்தால் அது அன்றைக்கே வெந்துவிடும். தாங்கியை மட்டும் தனியாகப் பற்றவைத்துவிட்டுப் பிறகு போல்ட் போடலாம் என்றால், துளை சேசிஸின் துளைக்கு நேராக வராது.

மவுண்ட் உட்காரும் சேசிஸ் பக்கத்துக் கொம்பும் உளுத்திருக்கிறதா என்று அதே நேரத்தில் தட்டிப் பாருங்கள். சேசிஸே பட்டை பட்டையாக உரிந்தால், கேபின் வேலையை நிறுத்திவிட்டு வண்டியின் கதையை மறுபடி யோசிக்க வேண்டும். 2008இல் டொயோட்டா, 1995 முதல் 2000 வரையிலான டகோமா பிக்கப்களின் சேசிஸ் துருவுக்காக உத்தரவாதத்தை 15 ஆண்டுகளாக நீட்டி, மோசமான வண்டிகளைத் திரும்ப வாங்கியது. ஒட்டுப்போட்டுத் தீர்க்கும் காரியமாக உற்பத்தியாளரே அதைக் கருதவில்லை.

தரை கால் பட்டால் அமுங்குகிறது, அல்லது ஓட்டை விழுந்திருக்கிறது

எவ்வளவு வெட்ட வேண்டும் என்பதை மேலிருந்து முடிவு செய்ய முடியாது. விரிப்பு, அதன் அடியிலுள்ள பஞ்சுத் தாள், தார்ப் பூச்சு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, வெளிச்சம் மங்கிய நேரத்தில் கேபினுக்குள் விளக்கைப் போட்டுவிட்டு, வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். நல்ல தகடு என்று நினைத்த இடத்திலும் ஊசித் துளைகள் வழியாக வெளிச்சம் புள்ளிகளாகத் தெரியும். அவற்றைச் சாக்பீஸால் வட்டமிட்டு, வட்டத்துக்கு வெளியே சுத்தியலால் தட்டிக்கொண்டே போய், மந்தமான ஒலி தெளிவாக மாறும் இடத்துக்கு அப்பால் இரண்டு விரற்கடை தள்ளிக் கோடு போடுங்கள். அதுவே வெட்டுக்கோடு. வலிக்கத்தான் செய்யும்; ஆனால் மெலிந்த தகட்டோடு புதுத் தகட்டைச் சேர்க்கப் போனால் வெல்டிங் ஓட்டையைப் பெரிதாக்கிக்கொண்டே போகும்.

வெல்டிங் தொடங்குமுன் சில கட்டாயங்கள். பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றுங்கள். இருக்கை, விரிப்பு, ஒயரிங் ஆகியவற்றை அகற்றுங்கள். 1972 வரை இந்தப் பிக்கப்களில் பெட்ரோல் டேங்க் இருக்கைக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே இருந்தது. 1973இல் அது சேசிஸ் சட்டத்துக்கு வெளிப்பக்கம் மாற்றப்பட்டது. மோதல் தீ விபத்துகள் தொடர்பாக 1992இல் அமெரிக்க அரசின் விசாரணைக்கு உள்ளானது இந்த அமைப்புதான். நமக்கு வேண்டிய செய்தி, கேபினின் பின்மூலையில் வேலை செய்யும்போது டேங்க் மிக அருகில் இருக்கிறது என்பது. பின் மவுண்ட்டில் பொறி பறக்கும் வேலை என்றால் டேங்கை இறக்கி அப்புறப்படுத்துங்கள்; ஈரத்துணி போர்த்துவது பாதுகாப்பு ஆகாது. தகட்டைத் துடைக்கக் குளோரின் கலந்த பிரேக் கிளீனரை எடுக்கவே வேண்டாம், வெல்டிங் சூட்டில் அது ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும். துத்தநாகம் பூசிய தகட்டானால் விளிம்பில் பூச்சை உரசி எடுத்துவிட்டு, காற்றோட்டத்தில் நின்று வேலை செய்யுங்கள். அந்தப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும்.

தரைக்கு 18 கேஜ் தகடு, அதாவது ஏறத்தாழ 1.2 மி.மீ., பொருத்தமானது. மிக் வெல்டிங்குக்கு 0.6 மி.மீ. கம்பி, 75 விழுக்காடு ஆர்கானும் 25 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடும் கலந்த வாயு, குறைந்த சூடு. ஒட்டின் மூலைகளை வட்டமாக வெட்டுங்கள். கூர்மூலையில்தான் விரிசல் தொடங்கும். ஒரு சென்டிமீட்டர் பற்றவைத்து, அடுத்ததை எதிர்ப்பக்கத்தில் போட்டு, கை வைக்க முடியும் அளவுக்கு ஆறவிட்டு மறுபடி வாருங்கள். ஒரே மூச்சில் கோட்டை ஓட்டினால் தகடு அப்பளம்போல் நெளிந்துவிடும். பழைய தரையில் அச்சடித்திருந்த மேட்டு வரம்புகள் அழகுக்கு இல்லை, விறைப்புக்காக இருந்தவை. பெரிய ஒட்டாக இருந்தால் அவற்றைப் புதுத் தகட்டிலும் உருட்டி எடுக்க வேண்டும், இல்லையென்றால் ஓடும்போது தரை பறைகொட்டும்.

கண்ணாடி இழைத் துணியும் ரெசினும் வைத்து மூடுவது, பட்டி போட்டு நிரப்புவது, ரிவெட் அடித்து அலுமினியத் தகடு ஒட்டுவது எல்லாம் நடக்கிறது. தரையில் எடை தாங்கும் எந்த இடத்திலும் இவை எதுவும் பழுதுபார்ப்பு ஆகாது. அலுமினியத்தை இரும்போடு சேர்த்து உப்புநீரும் ஊற்றினால், இரண்டு உலோகங்களுக்கு இடையே மின்வேதி அரிப்பும் கூடுதலாக வந்து சேரும்.

உலர்த்தினாலும் விரிப்பு மறுபடி நனைகிறது

துரு கீழிருந்துதான் வரும் என்பதில்லை. முன்கண்ணாடிக்கு அடியில் காற்றை உள்ளே விடும் கவுல் என்ற தொட்டியில் இலைகளும் குப்பையும் சேர்ந்தால், மழைநீர் வெளியேறும் வழி அடைபட்டு, கால் வைக்கும் இடத்தின் பக்கச்சுவர் வழியாக உள்ளே இறங்கும். கவுலின் மூடியைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஒரு குடம் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். முன்சக்கரங்களுக்குப் பின்னால், மட்கார்டுக்குள் இரண்டு பக்கமும் தண்ணீர் விழ வேண்டும். விழவில்லை என்றால் அடைப்பு. உள்ளே விழுந்தால் கவுலே ஓட்டை.

கவுல் நன்றாக இருந்தால் முன்கண்ணாடியின் ரப்பரைச் சோதியுங்கள். ஒருவர் உள்ளே விளக்குடன் இருக்க, மற்றவர் ஹோஸைக் கீழ்விளிம்பிலிருந்து தொடங்கி மெதுவாக மேலே கொண்டுபோக வேண்டும். மேலிருந்து தொடங்கினால் வழியும் நீர் எல்லா இடத்தையும் நனைத்துக் கசிவிடத்தை மறைத்துவிடும். நனைவு இனிப்பான வாடையுடன் பிசுபிசுப்பாக இருந்தால் அது மழைநீரே அல்ல, கேபினைச் சூடாக்கும் சிறு ரேடியேட்டரான ஹீட்டர் கோர் ஒழுகுகிறது. விரிப்பைத் திரும்பப் போடும்போது நீரை உறிஞ்சும் பஞ்சுத் தாளைத் தவிர்த்து, நீர் புகாத மூடிய நுரை விரிப்பைப் போடுங்கள்.

கேபினுக்குள் புகை வாடை

தரை ஓட்டையும் சைலன்சர் கசிவும் சேர்ந்தால் இது வரும். வாடை இருக்கும்போதே எச்சரிக்கை கிடைத்த மாதிரி. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பென்சில்வேனியாவின் வண்டிப் பரிசோதனை விதிகளில், புகை உள்ளே வரும்படி தரையில் திறப்பு இருந்தால் வண்டி தேறாது. இரண்டு ஓட்டைகளையும் அடைக்கும் வரை கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டலாம் என்று எண்ணாமல் வண்டியை நிறுத்தி வையுங்கள்.

சீட் பெல்ட் போல்ட்டைச் சுற்றித் தகடு உரிகிறது

இதற்கு மட்டும் வேறு நியாயம். அமெரிக்காவின் 210ஆம் எண் வாகனப் பாதுகாப்புத் தரத்தின்படி, இடுப்புப் பட்டை மட்டுமுள்ள இருக்கையின் பெல்ட் பிடிப்புகள் 5,000 பவுண்டு இழுவிசையைத் தாங்க வேண்டும். போல்ட்டுக்கு அடியில் உள்ள தடித்த வலுவூட்டித் தகடும் அதைச் சுற்றிய தரையும் சேர்ந்துதான் அந்த விசையை வாங்குகின்றன. மெல்லிய ஒட்டும் பெரிய வாஷரும் போட்டால் பார்க்க ஒன்றுபோல் இருக்கும், மோதலில் பிய்த்துக்கொண்டு வரும். வறண்ட அரிசோனா, நியூ மெக்சிகோ பக்கத்துப் பழைய வண்டிகளிலிருந்து அந்தப் பகுதியை வலுவூட்டித் தகட்டோடு முழுதாக வெட்டி வாங்கிப் பொருத்துவது நல்லது. உங்கள் வெல்டிங்கில் உங்களுக்கே முழு நம்பிக்கை இல்லையென்றால், இந்த ஒரு வேலையைத் தேர்ந்த பாடி பட்டறையிடம் கொடுத்துவிடுங்கள்.

இரண்டு ராக்கரும், முன் தாங்கிகளும், கவுலும் சேர்ந்தே போயிருந்தால், தனித்தனியாக ஒட்டுவதைவிட வறண்ட மாநிலத்துக் கேபின் ஒன்றை முழுதாக வாங்கி மாற்றுவது நேரத்திலும் பணத்திலும் மலிவாக முடியும். ஆனால் வண்டியின் அடையாள எண் தகடு கேபினோடு இருப்பதால், அதைக் கழற்றி இடம் மாற்றுவது சட்டச் சிக்கல். கேபினை வாங்குமுன் பதிவு அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

ஒட்டுப்போட்ட ஓரத்திலேயே மறுபடி துரு

வெல்டிங்கின் பின்பக்கம் பாதுகாப்பின்றி விடப்பட்டிருக்கும். வெல்டிங் சூட்டில் உள்பக்கத்துப் பூச்சு எல்லாம் எரிந்து, பச்சை இரும்பு வெளியே நிற்கும். ஒன்றின்மேல் ஒன்று படியும் தகடுகளுக்கு இடையே பற்றவைக்கும் முன்பே துத்தநாக ப்ரைமர் அடிக்க வேண்டும். பிறகு இரண்டு பக்கமும் எப்பாக்ஸி ப்ரைமர், அது காய்ந்த பின் தகடுகள் சேரும் ஓரங்களில் இடுக்கை அடைக்கும் சீம் சீலர், அதற்கு மேல் பெயின்ட். சீலரை வெறும் இரும்பில் அப்பினால் அதன் அடியிலேயே துரு ஊரும். துருவின் மேல் தடிமனான தார்ப் பூச்சை அடிப்பது இன்னும் மோசம். அது ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டும்.

தாங்கியின் பெட்டிக்குள்ளும் ராக்கருக்குள்ளும் நீண்ட குழாயும் சுற்றிலும் தெளிக்கும் முனையும் கொண்டு குழிவு மெழுகோ கம்பளிக் கொழுப்பு எண்ணெயோ அடிக்க வேண்டும். எல்லா வெல்டிங்கும் முடிந்த பிறகே இதைச் செய்யுங்கள், இரண்டும் எரியக்கூடியவை. ராக்கரின் அடியில் உள்ள வடிகால் துளைகளைச் சீலரோ பெயின்டோ அடைத்திருந்தால் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். கம்பளிக் கொழுப்பு எண்ணெய் கழுவிப் போகும் இயல்புடையது என்பதால், ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில், சாலையில் முதல் உப்பு விழுவதற்கு முன், அடிப்பகுதியைக் கழுவி நன்றாக உலரவிட்டு மறுபடி அடிக்க வேண்டும்.